காயும் வரை இருப்பார்

என் அக்காவின் கணவருக்கு வேலை நடக்கும் இடங்களில் இருந்த பெயர் ‘தடவல் மேஸ்திரி’. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் தடவியது சுவர்களை மட்டும்தான். அதற்கே அந்தப் பெயரைச் சொன்னவனை எல்லாம் என் அக்கா வறுத்து எடுத்துவிடுவாள். ஒருமுறை நானே வாய் தவறிச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் அவள் கையால் ஒரு வாய் டீ கிடைக்காமல் அலைந்தேன்.

மாமா பட்டி பார்ப்பவர். நான் பலகை அடிப்பவன். ஒரு பெரிய அறையை இரண்டாக்க வேண்டும் என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். தகரச் சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகையை வைத்து, ஸ்க்ரூ முடுக்கிவிட்டு நான் இறங்கிவிடுவேன். பலகையும் பலகையும் சேருகிற இணைப்பில் ஒரு கோடு நிற்கும். அதன்மேல் காகித டேப் ஒட்டி, பட்டி தடவி, காயவிட்டு, அதைவிட அகலமாக இரண்டாவது பூச்சு, அதுவும் காய்ந்தபின் இன்னும் அகலமாக மூன்றாவது பூச்சு, பிறகு உப்புத்தாளால் தேய்த்து, அங்கே கோடு என்று ஒன்று இருந்ததே இல்லை என்று ஆக்குவது அவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, விரல்களின் பின்புறத்தால் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டே போவார். விரல் எங்காவது நின்றுவிட்டால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் வீடு கிடையாது.

பட்டியில் இரண்டு வகை. ஒன்று மாவாக மூட்டையில் வரும். தண்ணீரில் கலந்தால் அரைமணியில் இறுகிக் கல்லாகும். இன்னொன்று குழைத்தே வாளியில் வரும். அது மெல்லக் காயும். ஒரு பூச்சுக்கு ஒரு நாள் கொடுக்க வேண்டும். பெரிய ஓட்டை அடைக்க மட்டும் மாவை எடுப்பார். மற்றதற்கெல்லாம் வாளிதான். "மாவு நம்மள வேலை வாங்கும் மாப்ள. வாளியத்தான் நாம வேலை வாங்கலாம்" என்பார். மாவைக் கலப்பதற்கும் அவரிடம் சட்டதிட்டங்கள் உண்டு. முதலில் தண்ணீர், பிறகுதான் மாவு. போட்டதும் கிளறாமல் சற்று ஊறவிட வேண்டும். பழைய பட்டி ஒட்டியிருக்கும் வாளியில் புதிதாகக் கலக்கக்கூடாது, அந்தத் துணுக்கு புதியதையும் முன்கூட்டியே இறுக்கிவிடும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைக்கவே கூடாது. அப்போதைக்கு வெண்ணெய் போலக் குழைந்து கொடுத்து, பிறகு வெடித்து மானத்தை வாங்கும். இதையெல்லாம் நான் முப்பது வருஷம் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டேன். பலகை அடிப்பவனுக்கு எதற்கு இந்த வேதாந்தம்?

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வேலை. நான் உள் அறையில் பலகை அடித்துக்கொண்டிருந்தேன். மாமா காலையிலிருந்து வரவேற்பறையில் ஒரே இணைப்பின் முன்னால் நின்றிருக்கிறார். பூச்சு மேல் பூச்சு. மற்ற இணைப்புகளில் டேப் கூட ஒட்டவில்லை. மாலையில் நான் வந்து பார்த்தபோது சுவர் தொப்பை போட்டிருந்தது. டாக்டரம்மா சுவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். மாமாவும் சற்றுத் தள்ளி நின்று சுவரைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "யாரு மாப்ள இப்படிப் பண்ணது?"

"நான்தான் மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, ஸ்கேன், மறதி நோய் என்று ஒரு பெயர். மருந்து சாப்பிட்டால் குணமாகுமா என்று அக்கா கேட்டாள். மருத்துவர் நல்ல மனிதர், பூசி மெழுகவில்லை. குணமாகாது என்றே சொல்லிவிட்டார். "ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. வீடு மாத்தாதீங்க. தெரிஞ்ச இடத்துல இருக்கறவரைக்கும் அவருக்குக் கொஞ்சமாவது பிடிமானம் இருக்கும்" என்றார். பிள்ளைகள் இல்லாத அக்காவுக்கு அந்த வார்த்தை மட்டுமே மிஞ்சியது. அவர் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

அது மாடி வீடு. கீழே ஓனரம்மா இருக்கிறார். மாடியில் முதலில் நீளமாக ஒரே கூடம்தான் இருந்தது. அதை இரண்டாகத் தடுத்ததே நாங்கள்தான். வேலை முடிந்த அன்று ஓனரம்மா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதைக் கட்டினவங்களே குடிவந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார். அந்த மாதமே அக்காவும் மாமாவும் வந்துவிட்டார்கள். நோய் வந்த பிறகும் அந்த வீட்டில் மாமா சாதுவாகத்தான் இருந்தார். அக்காவை ‘இந்தா’ என்று கூப்பிடுவார், சாப்பிடுவார், ஜன்னலோரம் உட்காருவார்.

அதைக் கெடுத்தவன் நான்.

நாங்கள் எழுப்பிய அந்தத் தடுப்புச் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் ஒருநாள் கசிந்தது. பிளம்பர் வந்து, சுவரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பலகையை அறுத்து எடுத்து, குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனான். ஓட்டையை நான் அடைக்கிறேன் என்றேன். மத்தியானம் எனக்கு வேறு இடத்தில் வேலை. மூட்டையின் அடியில் கிடந்த மாவை எடுத்து, கழுவாத வாளியில் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். டேப் ஒட்டி முடிப்பதற்குள் பட்டி இறுகத் தொடங்கியது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவினேன். மேலே பெயின்ட்டையும் இழுத்துவிட்டு, கடனே என்று கிளம்பிப் போனேன். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நாலாம் நாள் அக்கா போன் செய்தாள். மாமா ஸ்பூன் காம்பால் சுவரைத் தோண்டிக்கொண்டிருக்கிறார் என்றாள். போய்ப் பார்த்தேன். நான் அடைத்த இடத்தில் தலைமுடி போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. அவர் விரல் அதைப் பிடித்துவிட்டது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத மனிதருக்கு அது தெரிந்திருக்கிறது. "யாரு பட்டி பாத்தது இது?" என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு இணைப்பு பார்க்கத் தெரியாதா எனக்கு? மறுபடி அடைத்தேன். வெடிக்கவில்லை, ஆனால் மேடாக நின்றது. தோண்டினார். மறுபடி அடைத்தேன். ஓரத்தில் டேப்புக்கடியில் காற்று நின்றுவிட்டது. தோண்டினார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் கை அகலம் கூடவே பிய்த்துக்கொண்டு வரும். தட்டு அளவு ஓட்டை ஜன்னல் அளவு ஆயிற்று. ஜன்னல், கதவாகிக்கொண்டிருந்தது. கிறுக்குத்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னதுதான் சரி. நான் பார்த்த இணைப்பு மோசமாகத்தான் இருந்தது. நோயாளியிடம் நான் தினமும் மூக்குடைபட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, அவரையே பார்க்க விடுவோம் என்று வாளிப் பட்டியும், பட்டி இழுக்கும் அவருடைய தகடுகளும் கொண்டுவந்து கொடுத்தேன். கை எதையும் மறக்கவில்லை. நான் அறுத்துப் பொருத்திய புதுப் பலகையைச் சுற்றி டேப்பை ஒட்டி, முதல் பூச்சை அத்தனை அழகாக இழுத்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, "காயணும்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்துகொண்டார். அன்று முழுவதும் அசையவில்லை. அந்த ஒரு நாளில்தான் அக்கா தலைக்குக் குளித்தாள், பகலில் இரண்டு மணிநேரம் தூங்கினாள்.

ஆனால் காய்ந்த பிறகு? அது முதல் பூச்சு என்பது அவருக்கு நினைவிருக்காது. விரலை ஓட்டுவார். முதல் பூச்சில் டேப்பின் ஓரம் தட்டுப்படத்தானே செய்யும்? "யாரு பாத்தது இது?" என்பார். அடுத்த நிமிஷம் சுரண்டி எடுத்துவிடுவார். இரண்டாவது பூச்சு வரைக்கும் அந்தச் சுவர் போனதே இல்லை. அவர் தூங்கும் நேரம் பார்த்து இரண்டாவது பூச்சை நான் போட்டும் பார்த்தேன். என் கை பட்டதுமே அது கெட்டது.

ஒருநாள் அக்கா என்னை வாசல்வரை வந்து நிறுத்திக் கேட்டாள். "இதைவிட மெதுவாக் காயற பட்டி ஏதாவது இருக்காடா?"

சீக்கிரம் காய வேண்டும் என்று என் உயிரை எடுத்தவர்களைத்தான் எனக்குத் தெரியும். மெதுவாகக் காய வேண்டும் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். இருப்பதிலேயே மெதுவானதைத் தேடி ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன். மழைக்காலத்தில் இரண்டு நாள்கூட ஈரம் நின்றது. அப்போதெல்லாம் அக்காவின் முகமே வேறாக இருக்கும். இப்படி எட்டு மாதம் ஓடியது. அந்த எட்டு மாதத்தில் மாமாவுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. அக்காவை ‘இந்தா’ என்று கூப்பிடுவது நின்றது. ‘அம்மா’ என்றார், ‘நீங்க’ என்றார். நோய் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

ஒருநாள் ஓனரம்மா மாடிக்கு வந்தார். கெட்டவர் அல்ல. சுவரைப் பார்த்ததும் அவர் உட்கார்ந்தேவிட்டார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நானும் எத்தனை நாள் கண்ண மூடிட்டு இருக்கறது? மாசக் கடைசிக்குள்ள சுவர் பழையபடி இருக்கணும். அப்புறம் ஒரு கீறல் விழுந்தாலும் நீங்க வேற வீடு பாத்துக்குங்க" என்றார். அக்கா கும்பிட்டாள். என் அக்கா யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

வேறு வழியில்லாமல் பவுடரிடம் போனேன். முகம் எப்போதும் வெள்ளைவெளேரென்று பட்டித் தூசியோடு இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். மாமாவுக்கு அடுத்தபடி கை சுத்தம் உள்ளவன் அவன்தான். ஒரு காலத்தில் மாமாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவன். விஷயத்தைச் சொன்னதும், "மூணு நாள் அவரை அங்க வெச்சுக்காதீங்க. அவர் பாத்துட்டு நின்னா எனக்குக் கை ஓடாது" என்றான்.

மூன்று நாளும் மாமாவும் அக்காவும் என் வீட்டில் இருந்தார்கள். செங்கல் சுவர், இரண்டே அறை, ஏற்கெனவே நாலு பேர். மாமா காலையில் எழுந்ததும் தகடுப் பையை எடுத்துக்கொண்டு வாசல் கேட்டில் போய் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டதும் மறுபடி கேட்டில் நிற்பார். பழகாத இடம், அதனால்தான் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

நாலாம் நாள் மாடிக்குத் திரும்பினோம். பவுடர் பெயின்ட்டும் அடித்து முடித்து, துணியால் கை துடைத்துக்கொண்டு நின்றான். சுவர் பழையபடி இருந்தது. எனக்கு எந்த இடம் என்றே தெரியவில்லை. மாமா பையைக் கீழே வைத்தார், கண்ணை மூடினார், விரலை ஓட்டினார். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. விரல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போயிற்று. எங்கும் நிற்கவில்லை.

மாமா கண்ணைத் திறந்தார். "நல்லா இருக்கு" என்றார். பவுடர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா அழுதேவிட்டாள். கீழேயிருந்து வந்து பார்த்த ஓனரம்மாவும், "இப்படியே இருக்கட்டும், நீங்களும் இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது போல இருந்தது.

மாமா குழாயடிக்குப் போய், அழுக்கே இல்லாத தகடுகளைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கிளம்பலாமா மாப்ள?"

"எங்க மாமா?"

"வீட்டுக்குத்தான். இங்க வேலை முடிஞ்சுதே."

எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே, இதுதானே மாமா நம்ம வீடு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வேலை இடத்தில் விளையாடாதே என்பது போல ஒரு சலிப்புதான் இருந்தது. அந்த வீடு அவருக்கு வேலை இடமாகியிருந்தது, அக்கா வேலை கொடுத்த வீட்டுக்காரம்மாவாகியிருந்தாள். வேலை முடிந்த இடத்தில் அவர் ஒரு நிமிஷம் நின்றவர் இல்லை. எட்டு மாதமாக அந்த வீட்டில் அவரைப் பிடித்து வைத்திருந்தது என்னுடைய மோசமான பட்டிதான். அது சரியாகிவிட்டது. இனி அவருக்கு அங்கே என்ன வேலை?

அன்று சாயங்காலமே அக்கா அசந்த நேரம் பார்த்து இறங்கிப் போய்விட்டார். தெருத் தெருவாகத் தேடினேன். நாலு தெரு தள்ளி, கட்டி முடித்துப் பூட்டியிருந்த ஒரு கட்டடத்தின் முன்னால், பையை மடியில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் எங்களை ஏற்றிப்போக வரும் வேனுக்காகக் காத்திருந்தார். மறுநாளும் போனார். அன்று லாரி ஒன்று ஒரு முழம் தள்ளி நின்றதால் பிழைத்தார். மூன்றாம் நாள் அக்கா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அக்கா போன் செய்து நான் போய்ச் சேரும்போது மத்தியானம் மூன்று மணி. கதவை உள்ளேயிருந்து தட்டும் சத்தம் படிக்கட்டுவரை கேட்டது. அக்கா கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டு உடனே பூட்டினாள். காலையிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறார் என்றாள். அவர் உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது. அவளும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அவர் என்னையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அக்காவைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"கதவைத் திறந்து விடுங்கம்மா. வேலைதான் முடிஞ்சுதே. எதுக்கு என்னை அடைச்சு வெச்சிருக்கீங்க? வீட்டுல அவ தனியா இருக்கா. நான் போகாம அவ சாப்பிட மாட்டா. சொன்னா கேக்க மாட்டா, அப்படியே உக்காந்திருப்பா."

"நான்தாங்க அது" என்றாள் அக்கா. "என்னப் பாருங்க. நான்தான்."

அவர் பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார். பிறகு திரும்பி மறுபடி கதவைத் தட்டத் தொடங்கினார். கையைப் பிடித்து நிறுத்தப் போனேன். அறுபது வயது தாண்டியவரிடம் அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ, என்னை உதறித் தள்ளினார். நான் சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா சமையலறைக்குப் போனாள். தண்ணீர் கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தியோடு வந்தாள். நேராகச் சுவருக்குப் போனாள்.

"அக்கா, வேணாம். ஓனரம்மா சொன்னது மறந்துட்டியா? வீட்டை விட்டே போகணும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பவுடர் பார்த்த இணைப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. உத்தேசமாகக் கத்தியைக் குத்தி, தோள் உயரத்திலிருந்து இடுப்புவரை இழுத்தாள். வெள்ளைத் தூள் அவள் காலில் கொட்டியது. பிறகு குறுக்கே ஒரு இழுப்பு. அந்தச் சத்தத்தில் மாமா தட்டுவதை நிறுத்தினார்.

"மேஸ்திரி" என்று கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்க. இது இன்னும் முடியல."

அவர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார். விரல் நின்றது. தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ஆமாம்மா. யாரு பாத்தாங்களோ, ஏனோதானோன்னு பாத்திருக்காங்க. மறுபடிதான் பாக்கணும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"இன்னிக்கு முடியாதும்மா. காயணும்ல." பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்தார். "ஒரு உதவி பண்ணுங்க. என் வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் வர நேரமாகும், காத்திருக்க வேணாம், சாப்பிடச் சொல்லுங்க."

அக்கா கத்தியை மேசையில் வைத்தாள்.

"சொல்லியாச்சு மேஸ்திரி" என்றாள். "சாப்பிட்டுட்டாங்களாம்."